சம்பளத் தியாகம்

படிவத்தின் பெயரே அதுதான்.
யார் வைத்தார்களோ தெரியாது.
ஷெஃபீல்டில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில்
ஒன்பது வருடமாகச் சம்பளக் கணக்கு போடுகிறேன்.
இவ்வளவு பெரிய சொல்லை
இவ்வளவு சின்ன எழுத்தில்
வேறெந்தத் தாளிலும் பார்த்ததில்லை.

விஷயம் எளிது.
சைக்கிளை நிறுவனம் வாங்கும்,
வரி போடும் முன்பே மாதாமாதம் பிடித்துக்கொள்ளும்.
அதிகம் சம்பாதிப்பவருக்கு
அதிகம் மிச்சம்.
நிர்வாகி டங்கன் ஓக்லி
இரண்டாவது மின்சைக்கிளுக்கு வந்திருந்தார்.
முதலாவது கராஜில் தூங்குகிறதாம்.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது
என் பேனாவையும் எடுத்துப் போனார்.

மூன்றாம் மாடியின் தரை துடைக்கும்
பெவ் ஸ்டானிஃபோர்த்தும் வந்தாள்.
ஐம்பத்தாறு வயது.
முழங்கால்களில் ஒன்று அவளுடையதல்ல,
இதே மருத்துவமனை போட்டது.
கையில் கடை விலைச்சீட்டு, நான்காக மடித்தது:
பச்சை நிறம், முன்னால் கூடை.
அவள் எண்ணைத் தட்டினேன். பெட்டி சிவந்தது.
பிடித்தம் போக மிஞ்சுவது
சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலிக்கு
வாரம் நாலு பவுண்டு கீழே இறங்குகிறது.
"உங்களைக் காப்பாத்தத்தான் இந்த விதி" என்றேன்.
"நல்லா காப்பாத்துறீங்க."
சீட்டை இன்னொரு முறை மடித்தாள்.

தியாகம் செய்யவும் கொஞ்சம் வசதி வேண்டும்.

அந்த வாரமே
எனக்கொரு படிவம் நிரப்பிக்கொண்டேன்.
வெட்கம் இருந்தது.
முப்பது சதவீதம் மிச்சமும் இருந்தது.

பின்சக்கரத்தின் நடுவே மோட்டார்,
மூடி திறக்காத தூக்குச்சட்டி மாதிரி.
மின்சாரம் இருக்கும்வரை
க்ளீட்லெஸ் ரோட்டின் ஏற்றம் வெறும் வதந்தி.
பதினைந்தரை மைல் வேகத்தில்
சட்டப்படி அது கையை எடுத்துவிடும்.
அங்கேதான் முதலில் பட்டது,
சக்கரம் ஈரமணலில் புகுந்த மாதிரி.
காந்தமாம்.
வேலையில்லாமல் சுழலும்போதும்
உள்ளிருக்கும் இரும்பைப்
பிடித்துப் பிடித்து விடுமாம்.
கடைக்காரன் சொல்லவில்லை.
நானும் நிறம்தான் கேட்டிருந்தேன்.

நவம்பரில், மழை விட்ட ஒரு சாயங்காலம்
பாதி ஏற்றத்தில் பேட்டரி தீர்ந்தது.
இருபத்துமூன்று கிலோ வண்டி,
அதன்மேல் நான்,
எங்கள் இருவரையும் பின்னிருந்து இழுக்கும்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கை.
மூச்சு காதுக்குள் கேட்டது.
வாழ்க்கையில் முதல் தடவையாக
ஒரு நடைபாதை நத்தையின் முகத்தை
முழுசாகப் பார்த்தேன்.

கிறீச், கிறீச்சென்று ஒரு சங்கிலி.
பெவ்.
யாரோ தூக்கிப்போட்ட பழுப்பு சைக்கிள்,
ஐந்து கியரில் மூன்று விழும்.
நின்றாள். சிரிக்கவில்லை,
சிரித்திருக்கலாம்.
என் பின்சக்கரத்தைத் தூக்கி
உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளினாள்.
ஒரு சுற்று. ஒன்றரை. நின்றது.
பிறகு தன்னுடையதைத் தூக்கித் தள்ளினாள்.
தெருவிளக்கைக் கம்பி கம்பியாக நறுக்கிக்கொண்டு
அது சுற்றியது.
எண்பதாம் நம்பர் பஸ் எங்களைக் கடந்து
மேலே போய்த் திரும்பி மறைந்தது.
அப்போதும் சுற்றியது.

"இன்னும் உங்க பேருக்கு வரலை, இல்லையா?"
"பதினோரு தவணை பாக்கி.
அதுவரைக்கும் வாடகைக் கணக்கு."
"அதான் வரமாட்டேங்குது" என்று
ஏறி உட்கார்ந்து போய்விட்டாள்.
மிச்ச ஏற்றத்தை உருட்டிக்கொண்டு ஏறினேன்.

மாதக் கடைசியில் என் சீட்டில் ஒரு வரி:
தியாகம், ஐம்பத்தெட்டு பவுண்டு நாற்பது.
அவள் சீட்டில் அந்த வரியே அச்சாவதில்லை.

ஏப்ரலில் கூலி உயர்ந்தது.
யாரும் கேட்காமலே
அவள் எண்ணை மறுபடி தட்டினேன்.
குறைந்தபட்சமும் கூடவே உயர்ந்திருந்தது,
அதே நாலு பவுண்டு தள்ளி.
பெட்டி சிவப்பு.

திரையை மூடிவிட்டுக் குனிந்து
மேசைக்கடியில் சார்ஜரைச் செருகினேன்,
அலுவலகக் கரண்ட்டில்.
அதன் விளக்கும் சிவப்புதான்,
நிறையும்வரை.